ஏசி அணைத்த சம்பந்தி

மச்சான்,

நேற்றுக் காலையில் உன் மாப்பிள்ளை மஞ்சக்குப்பம் கடைக்கு வந்தார். செய்தித்தாளில் பொதிந்து வந்ததை மேசைமேல் வைத்துப் பிரித்தார். மூன்று கால் பிளக் ஒன்று. ஒரு கால் இருந்த பக்கம் கருகி, வெள்ளை பிளாஸ்டிக் உருகி வழிந்து மெழுகு மாதிரி உறைந்திருந்தது. "வோல்டேஜ் ரொம்ப கம்மி மாமா. ஏசி அடிக்கடி ட்ரிப் ஆவுது. நல்லதா ஒரு பெரிய ஸ்டெபிலைசர் எடுத்துக் குடுங்க" என்றார்.

அவர் பிரிக்கும் முன்னாலேயே அந்தக் கருகல் வாசனை எனக்கு வந்துவிட்டது. இந்த வியாபாரத்தில் இருப்பவனுக்கு அது புதிது இல்லை. தினம் ஒருவர் ஏதாவது கருகியதைக் கொண்டுவந்து காட்டுவார். ஆனால் இது உன் வீட்டுக் காரியம். உன் பெண்ணும் பேரனும் படுக்கிற அறையிலிருந்து வந்த வாசனை. சட்டென்று நான் சிதம்பரத்து மண்டபத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. மல்லிகைக்கும் ஓமப்புகைக்கும் நடுவே நான் மட்டும் மோந்த அதே கருகல்.

உன் சம்பந்தி வீட்டில் இன்றைக்கும் உனக்குப் பெயர் 'ஏசி அணைத்த சம்பந்தி'. ஏன் அணைத்தாய் என்பது இந்த உலகத்தில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நீ போய்விட்டாய். நேற்று வரைக்கும் நான் ஒருத்தன்தான் தெரிந்தவன்.

நாம் சேர்ந்த விதத்தையே முதலில் நினைத்துக்கொண்டேன். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து சைக்கிள் கேரியரில் ஒயர் சுருளைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன் நான். நீ டிப்ளமா படித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மோட்டார்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னிடம் ஒயர் வாங்க வந்து, தடிமன் குறைகிறது என்று சண்டை போட்டாய். சண்டை போட்டவனையே கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டால் கடையில் ஏமாற்று நடக்காது என்பது என் கணக்கு. அது பலித்தது. ஆனால் தலைவலியும் கூடவே வந்தது.

யாராவது வந்து லைட் மங்குது, வோல்டேஜ் கம்மி என்றால் என் கை தானாக ஸ்டெபிலைசர் அலமாரிக்குப் போகும். உள்ளேயிருந்து உன் குரல் வரும். "ஆம்ப் கேட்டியா?" வந்தவர் முழிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடைக்கு வந்தவனைப் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவான் என்று கத்துவேன். நீ கிளாம்ப் மீட்டரைத் துடைத்துக்கொண்டே சொல்வாய். "ஒத்த நம்பரை வச்சுக்கிட்டுப் பேசுறவன் ஜோசியக்காரன் மச்சான். ரெண்டு நம்பர் வேணும். வகுத்தா ஓம், பெருக்கினா வாட்ஸ். நாலாங்கிளாஸ் கணக்கு, இதுக்குப் போயி அலுத்துக்கிற."

அந்த மீட்டருக்கு உன் வீட்டில் 'நண்டு' என்று பெயர். உன் வீட்டுக்காரி, என் வாய்த் தங்கச்சி, வைத்தது. ஒயரைக் கவ்வ அது வாயைத் திறக்கிற விதம் அப்படி. நான் அதை நூற்றுக்கணக்கில் விற்றிருக்கிறேன். முள் ஒயரை வைத்து வோல்ட் பார்க்கவும், ஒற்றை ஒயரைக் கவ்வவிட்டு ஆம்ப் பார்க்கவும் எனக்குத் தெரியும். பார்த்த எண்ணை வைத்து என்ன செய்வது என்பதை உன்னிடம் விட்டுவிட்டேன். எனக்குக் கை போதும். ஒயரைத் தொட்டுப் பார்ப்பேன், சுட்டால் மாற்றச் சொல்வேன். கைக்கு எட்டாத இடத்தில் சுட்டால் என்ன செய்வாய் என்று நீ ஒருமுறை கேட்டாய். நான் அடுத்து வந்தவரிடம் என்ன வேண்டும் என்று திரும்பிக்கொண்டேன்.

உன் பெண் அரசியின் கல்யாணம். வைகாசி வெயில். மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரம் என்பதால் மண்டபமும் அங்கேதான். மணவறையில் உட்காருகிறவர்கள் வேர்க்கக் கூடாது என்று மேடைக்குப் பின்னால் இரண்டு ஏசி வாடகைக்கு வைத்திருந்தாய். அவற்றுக்காக மேடை லைனையே அலங்காரக்காரர்கள் முந்தின நாள் சாயங்காலம் நீட்டியிருந்தார்கள். விடிந்து பார்த்தால் ஏசி நின்று நின்று ஓடியது. நீயே போய் ஸ்டெபிலைசர் மாட்டிவிட்டு வந்தாய். ஏசி ஓட ஆரம்பித்தது. உன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

நான் முன்வரிசைப் பெண்கள் பக்கம், தூணோரமாக நின்று தெரிந்தவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மூக்கில் பட்டது. தலை தூக்கிப் பார்த்தேன். கூரையை மறைத்து ரோஜா நிறத்தில் துணி கட்டி, கொசுவம் கொசுவமாகத் தொங்கவிட்டு, காகிதப் பூ செருகியிருந்தார்கள். புகை எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏசி இழுக்கும்போதெல்லாம் மேடையின் மஞ்சள் விளக்குகள் ஒரு கணம் சோர்ந்து எழுந்தன.

மேடையேறி உன் காதில் சொன்னேன். உன் விரலில் தர்ப்பைப் பவித்திரம், கழுத்தில் மாலை, பட்டு வேட்டி. நீ மோந்து பார்த்தாய். உனக்கு ஓமப்புகைதான் கிடைத்தது. கண்டிப்பாகவா என்று கேட்டாய். என் மூக்கை நம்பச் சொன்னேன். பேசாமல் மெயினை அணைத்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா காதில் 'அணைத்து' என்ற சொல் விழுந்துவிட்டது. நல்ல மனுஷர், குரலை உயர்த்தவில்லை. "தாலி ஏறுற வரைக்கும் மணவறையில எரியிற வெளக்க யாரும் கையால அணைக்கக் கூடாதுங்க. கரண்டு தானா போனா போவட்டும், அது யார் குத்தமும் இல்ல. நாமளே போயி அணைச்சிட்டு, நாளைக்கு வீட்டுல ஒண்ணுன்னா யாரப் போயி கேக்கிறது?"

என் வீட்டிலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் கேட்ட கேள்விக்கு நாளைக்குப் பதில் சொல்ல வேண்டியவள் அரசி. அந்த வீட்டில் ஒரு மாடு செத்தாலும், ஒரு குழந்தை தவறினாலும், அன்றைக்கு விளக்கை அணைத்தார்களே என்று அவளைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அணைக்காவிட்டால், தலைக்கு மேல் துணி. துணிக்குக் கீழே மண்டபம் நிறைய ஜனம்.

எனக்கு வியாபாரிப் புத்தி. குனிந்து மெதுவாகச் சொன்னேன்: நான் போய் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு, கரண்ட் போய்விட்டது என்று கத்திவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது? நீ ஒரு நொடி யோசித்தாய். "ஜெனரேட்டர்காரன் தயாரா நிக்கிறான். கரண்டு போச்சுன்னு சத்தம் கேட்டா அதே லைன்ல ஏத்திடுவான். ரெண்டு ஏசியும் ஒண்ணா இழுக்கும். எங்க எரியிதுன்னே தெரியாம அத செய்யக் கூடாது. மஞ்சப் பையில நண்டு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போ. போன்ல நம்பர் சொல்லு."

தேங்காய், வெற்றிலை பாக்கு வைத்த தாம்பூலப் பைகளுக்கு நடுவே நண்டு இருந்தது. பெண் கல்யாணத்துக்கும் இதைத் தூக்கிக்கொண்டு வந்தாயே என்று தங்கச்சி காலையிலிருந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாளாம். இப்போது நான் கூப்பிட்டதும் அவளே உன் போனை எடுத்து உன் காதில் பிடித்துக்கொண்டாள். உன் கைகள் ஐயரிடம் இருந்தன. ஏசி இரைச்சலில் அவள் காதில் விழுந்ததெல்லாம் வோல்ட்டும் ஆம்பும்தான்; வழக்கமான கடைக் கணக்கு என்று விட்டுவிட்டாள்.

வாசல் பக்கத்து போர்டில் முதலில் பார்த்தேன். இருநூற்று இருபத்தாறு. கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் ஓடினேன். இருநூற்றாறு. சொன்னேன்.

"ஆம்ப்?"

எடுக்கவில்லை. அவ்வளவு அவசரத்திலும் நான் ஒற்றை எண்ணோடுதான் நின்றேன். ஒயரைக் கவ்வவிட்டேன். இருபது.

"இருபது வோல்ட்டு வழியில காணாமப் போவுது. இருபது ஆம்ப்ல வகுத்தா ஒரு ஓம். பெருக்கினா நானூறு வாட்ஸ்" என்று முனகினாய். உனக்கே சொல்லிக்கொண்டது அது. "அந்த ஒயருக்கு, அந்த நீளத்துக்குப் பதினாலு வோல்ட்டு தாராளமாத் தின்னும். அது ஒயர் பூரா பரவிக்கும், லேசா சுடும், அவ்ளோதான். மீதி ஆறு வோல்ட்டு கணக்குலயே இல்ல. மச்சான், தூண்ல ஒரு சாக்கெட் இருக்கே, அதே லைன்தான். அங்க பாரு."

அந்தத் தூண் போர்டிலிருந்து மேடைக்குப் போகிற வழியில் மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில் இருந்தது. சற்று முன் நான் நின்ற அதே தூண். பெண்களின் கால்களுக்கு நடுவே குனிந்து முள் ஒயரைச் செருகினேன். யாரோ ஒரு அம்மாள் கல்யாணத்தில் என்ன ரிப்பேர் என்று சிரித்தாள். இருநூற்றுப் பதினேழு.

போனில் ஐயரின் மந்திரம் கேட்டது. உன் குரல் அதற்கு அடியில் வந்தது. "அவ்ளோ தூரத்துக்கு ஒம்போது. சரியா இருக்கு. தூண்லருந்து மேடைக்கு இத்துனூண்டு தூரம், அதுக்குப் பதினொண்ணு. அஞ்சுதான் விழணும். அந்த ஆறும் அங்கதான் இருக்கு. ஆறு இருபது நூத்தியிருபது." குரலை இன்னும் இறக்கினாய். "பழைய நூறு வாட்ஸ் குண்டு பல்ப நெனச்சுக்க மச்சான். அத விட ஜாஸ்தி. கட்டைவிரல் அளவு முடிச்சுல உக்காந்து எரியிது, துணி மேல."

நான் நிமிர்ந்து பார்த்தேன். தூணுக்கும் மேடைக்கும் நடுவே முன்வரிசை. மடியில் குழந்தைகள். அதைத் தாண்டினால் மணவறை, தலை குனிந்த அரசி. துணி அசையாமல் அழகாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

இப்போது என்ன செய்ய என்று கேட்டேன். அந்த நேரம் பார்த்து ஐயர் உன்னைத் தாரை வார்க்கக் கூப்பிட்டார். இரு என்றாய். அவ்வளவுதான். அரசியின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தங்கச்சி ஒரு கையால் செம்பைச் சாய்க்க, நீ தண்ணீர் வார்த்தாய். அவளுடைய மற்றக் கையில் போன். தண்ணீர் தட்டில் விழும் சத்தம் எனக்குக் கேட்டது. மந்திரம் கேட்டது. பெண் வீட்டு முன்னோர் பெயர், மாப்பிள்ளை வீட்டு முன்னோர் பெயர், ஒவ்வொன்றாக. மூலையில் மணல் வாளி தொங்கியது. அதைக் கழற்றிக்கொண்டு வந்து தூணுக்கும் மேடைக்கும் நடுவே, துணிக்குக் கீழே நின்றேன். துணி பற்றிக்கொண்டால் ஒரு வாளி மணல் எந்த மூலைக்கு? இருந்தாலும் கையில் ஏதாவது வேண்டியிருந்தது.

அப்புறம் உன் குரல். தெளிவாக, கடையில் பேசுகிற மாதிரி.

"லைட்டத் தொடாத மச்சான். ஏசி ரெண்டையும் ஸ்டெபிலைசரோட சேத்துப் புடுங்கு. லைட்டுக்கு மட்டும்னா எட்டு ஆம்ப்தான். அந்த முடிச்சுல அப்ப ரெண்டரை வோல்ட்டுக்குள்ளதான் விழும். பெருக்கிப் பாரு."

என்னைப் பெருக்கச் சொன்னாய். அந்த நேரத்தில். எட்டு இரண்டரை என்று விரல் மடக்கினேன். "இருபது."

"நூத்தியிருபது எங்க, இருபது எங்க. அதுல துணி பத்தாது. தாலி ஏறுற வரைக்கும் தாங்கும். போ."

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஏசியின் இரைச்சல் அடங்கியது. மேடையில் முணுமுணுப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் அத்தை என்ன ஆயிற்று என்று எழுந்தே விட்டாள். நீ நிதானமாகச் சொன்னாய், ஏசி சத்தத்தில் மந்திரம் சரியாகக் கேட்கவில்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்று. ஐயரே உன்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அப்போதுதான் அது நடந்தது. பாரம் குறைந்த லைனில் வோல்ட் ஏறியது. இருநூற்றாறில் சோர்ந்து கிடந்த விளக்குகள் இருநூற்றுப் பதினெட்டுக்கு வந்தன. மணவறை முழுக்க ஒரு மஞ்சள் வெளிச்சம் பரவி நின்றது. அரசியின் நெற்றிச்சுட்டி பளிச்சென்றது. பெரியப்பா கைகூப்பினார். "பாத்தீங்களா? வெளக்கு தானா தூக்கிக் குடுக்குது. நல்ல சகுனம்" என்றார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். துணிக்குக் கீழே திரும்பி வந்து நின்ற என் கையில் மணல் வாளிதான் இருந்தது. நான் தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பந்திக்கு ஜனம் போன பிறகு லைனை இறக்கினோம். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நீயே ஏணியில் ஏறினாய். கனெக்டர் போட வேண்டிய இடத்தில் இரண்டு ஒயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். டேப் கொதித்துக் கொப்புளம் விட்டிருந்தது. கீழே துணி உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பேறி, தொட்டதும் உதிர்ந்தது. ஒரு காகிதப் பூ பாதி கருகியிருந்தது. அந்த முடிச்சை வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கியவன், ஏணியின் கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய்.

"ஸ்டெபிலைசர் மாட்டினது நாந்தான மச்சான். ஏசி ஓடுச்சுன்னு சந்தோசப்பட்டேன். அது வோல்ட்ட ஏத்திக் குடுக்கறதுக்கு ஆம்ப ஜாஸ்தியா இழுக்கும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன்." அந்த முடிச்சை என் சட்டைப் பையில் போட்டாய். "எங்கயாவது தூக்கிப் போட்டுடு. அரசி காதுக்குப் போவக் கூடாது. தாலி ஏறுறப்ப தலைக்கு மேல நெருப்பு இருந்துச்சுன்னா, அவுங்க வீட்டுல அத ஆயுசுக்கும் பேசுவாங்க. அவளும் அதையே நெனப்பா."

மண்டபத்தில் கரண்டுக்கு யூனிட் கணக்குப் பார்த்துப் பெண் வீட்டாரிடம் வசூலிப்பார்கள். அது எல்லோருக்கும் தெரியும். பந்தியிலேயே பேச்சு கிளம்பிவிட்டது. மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருவர், நாமும் கேட்கும்படியாகத்தான், பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "சம்பந்தி கரண்டு கடைக்காரரு. யூனிட்டு ஓடுறது அவருக்குத்தான தெரியும்." இலைவரிசையே சிரித்தது. நீயும் சிரித்தாய். அதற்கப்புறம் வளைகாப்பு, பேரனுக்குப் பெயர் வைத்தது, காதுகுத்து, எங்கே போனாலும் உன்னைக் கண்டதும் ஒருவர் ஃபேன் சுவிட்சைப் பார்த்துக் கண்ணடிப்பார். நீ சிரிப்பாய். போன ஐப்பசியில் உன் காரியத்தன்றுகூட ஒருவர் சொன்னார். அன்றைக்குச் சிரிக்க நீ இல்லை.

இதெல்லாம் மனதில் ஓடியதால்தான் நேற்று உன் மாப்பிள்ளைக்கு நான் ஸ்டெபிலைசர் கொடுக்கவில்லை. நண்டை உறையோடு எடுத்துக்கொண்டு அவர் காரிலேயே ஏறிவிட்டேன். சிப்காட் தாண்டும்போது கெமிக்கல் கம்பெனிகளின் அந்த மருந்து நெடி வந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டார். அவர் பேசிக்கொண்டே வந்தார். நான் கேட்கவில்லை.

அவர் வீட்டு மெயின் போர்டில் இருநூற்று இருபத்து நான்கு. புது பிளக் மாட்டி, ஏசியை ஓடவிட்டு, அந்த அறையில் பார்த்தால் இருநூற்றுப் பதினான்கு. எட்டு ஆம்ப். நானே வகுத்தேன், நானே பெருக்கினேன். அந்தச் சின்ன வீட்டில் எண்பது வாட்ஸ் எங்கேயோ போகிறது. சாக்கெட்டின் மேல்மூடி சுட்டது. எலக்ட்ரீஷியன் வந்து சாக்கெட்டைக் கழற்றிப் பார்க்கிற வரை ஏசியைப் போட வேண்டாம் என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க மாமனார் கடையாச்சே. எந்த வியாதிக்கும் ஏசிய அணைக்கிறதுதான் வைத்தியம்."

அரசி காபியோடு வந்துகொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். இதை நான் இத்தனை காலம் கவனிக்கவில்லை, மச்சான். அவர்கள் சிரிப்பதற்கு முன்னாலேயே அவள் சிரித்துவிடுகிறாள். யாரும் உன்னைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் சிரித்து, அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறாள். பழகிவிட்டது அவளுக்கு.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நண்டின் உறைக்குள் அந்த முடிச்சு இருந்தது. நீ தூக்கிப் போடச் சொன்னாய், நான் போடவில்லை. எடுத்து காபி தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். துணியை, முன்வரிசையை, தண்ணீர் வார்க்கும்போது நீ போட்ட கணக்கை.

மாப்பிள்ளை எழுந்துபோய் ஏசியின் சுவிட்சை அவரே இறக்கினார். அரசி அந்தக் கருகிய ஒயரைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து கேட்டாள்.

"ஆறு வோல்ட்டுன்னீங்க. ஆம்ப் எவ்ளோ மாமா?"

உன் குரல்தான் அது. உள்ளேயிருந்து வருகிற அதே கேள்வி. இருபது என்றேன். அவள் உதடு அசைந்தது. பெருக்கி முடித்ததும் தலையைத் தூக்கி, தன் வீட்டுக் கூரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம்தான் அழுதாள். முடிச்சைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் பேச்சை மீறிவிட்டேன். கோபப்படுவாய், படு. மணவறைமேல் நூற்றியிருபது வாட்ஸ் நெருப்பு இருந்தது என்பதை அவள் தெரிந்துகொண்டாள். அதை அப்பா இருபது வாட்ஸுக்கு அடக்கினார் என்பதையும் சேர்த்தே தெரிந்துகொண்டாள். நீ பயந்தது முதல் எண்ணுக்கு. நான் இரண்டையும் கொடுத்துவிட்டேன்.

திரும்பும்போது மாப்பிள்ளை வாசல்வரை வந்தார். செருப்பை மாட்டுகிற வரை தயங்கி நின்றார். "அன்னிக்கு லைட்டு திடீர்னு பிரகாசமாச்சே மாமா, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. பெரியப்பா இப்பவும் அதச் சொல்லித்தான் எங்கள ஆசீர்வாதம் பண்ணுவாரு. அது ஏன்னு மட்டும் அவருகிட்ட சொல்லிடாதீங்க."

சொல்லமாட்டேன் என்றேன். ஒரு ரகசியத்தைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். இருநூற்றாறிலிருந்து இருநூற்றுப் பதினெட்டு. அந்தப் பன்னிரண்டு வோல்ட் என்னிடம் இருக்கட்டும், மச்சான்.